படகு கார்: வட ஆற்காட்டில் தேடுவதும் தேற்றுவதும்

படகு மாதிரி நீளமான பழைய அமெரிக்கக் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எஞ்சின் ஓடுமா?" என்றுதான். நான் கேட்பது வேறு. ஆர்.சி. புக் எங்கே, பம்பர் எங்கே, கண்ணாடி முழுசாக இருக்கிறதா? எஞ்சினை நம் ஊர் லேத்துக்காரர் தேற்றிவிடுவார். காணாமல் போன ஒரு குரோம் பட்டையைத் தேடி வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

சரி, வண்டியை எங்கே தேடுவது? இணையத்தில் விளம்பரம் வருவதற்குள் அது இரண்டு மூன்று புரோக்கர் கை மாறி விலை ஏறியிருக்கும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் தோல் வியாபாரம் செய்த பழைய குடும்பங்கள், ஆரணி பக்கத்து மிராசு வீடுகள், இங்கெல்லாம் அந்தக் காலத்தில் "பிளஷர்" என்று சொன்ன கார் ஒன்று கொட்டகையில் மூட்டை முடிச்சுக்கு அடியில் கிடக்க வாய்ப்பு உண்டு. அது யாருக்குத் தெரியும் என்றால், ரேடியேட்டர் கடைக்காரருக்கும் டைனமோ கட்டுகிறவருக்கும் காயலான் கடைக்காரருக்கும்தான் தெரியும். நான் ஒரு காயலான் கடையில் நம்பர் கொடுத்து "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கேட்டு வைத்தேன், ஒன்றரை வருஷம் கழித்துப் போன் வந்தது, பேரணாம்பட்டில் ஒரு பிளைமவுத். வீட்டுப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "அதுல கோழி அடையுது தம்பி, பரவாயில்லையா?"

முதல் நாளே விலை பேசாதீர்கள். டீ குடித்துவிட்டு, அந்தக் காரில் யார் யார் கல்யாணத்துக்குப் போனார்கள் என்ற கதையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிடைக்கிற வண்டி என்னவாக இருக்கும்? ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் பாகங்களைச் சேர்த்துக் கார் பூட்டியது, அதனால் அவர்களுடைய செவர்லே நிறைய ஓடியது. குர்லாவில் பிரீமியர் கம்பெனி பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ பூட்டியது. டாட்ஜ் கிங்ஸ்வே கிடைத்தால் பயப்பட வேண்டாம், அது டாட்ஜ் பெயர் ஒட்டிய பிளைமவுத்தான், பாகம் தேடும்போது பிளைமவுத் என்றே தேடலாம். ஒரே சிக்கல் ஸ்டீயரிங். நம் வண்டி வலது பக்க ஸ்டீயரிங், அமெரிக்காவிலிருந்து அந்த பாகமும் டேஷ்போர்டும் வாங்கினால் பொருந்தாது. அதற்கு ஆஸ்திரேலியா பக்கம் தேட வேண்டும்.

இப்போது காகிதம். ஆர்.சி. தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும், பிள்ளைகள் ஆறு பேரில் ஒருவர் துபாயில், ஒருவர் இன்னொருவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல். உங்களிடம் பணம் வாங்குகிறவர் சம்மதம் மட்டும் போதாது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், மற்றவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், படிவம் 31 போட்டு முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, அப்புறம் 29, 30 போட்டு உங்கள் பெயருக்கு. இதை முடிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை இழுத்து வந்தால், நாளைக்குத் துபாய்க்காரர் விமானம் ஏறி வந்துவிடுவார்.

2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினம் காட்பாடிக்கு ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுது வேலை என்று எடுக்கலாம். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் செலவு கட்டுப்படியாகாமல் இப்படிப்பட்ட கார்களில் டீசல் எஞ்சின் ஏற்றி வாடகைக்கு விட்டவர்கள் உண்டு, அதனால் பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். பிளைமவுத்தில் அது பிளாக்கின் இடது முன்பக்கம், டைனமோவுக்கு மேலே குத்தியிருக்கும், கிரீஸைத் துடைத்தால் தெரியும்.

ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது பள்ளத்தை மறைக்கப் பூசிய பூச்சு. கடற்கரை ஊர் வண்டியைவிட நம் வெயிலூர் வண்டியில் துரு குறைவுதான், ஆனாலும் கொட்டகை ஒழுகினால் தரைத்தகடு போயிருக்கும், மிதியடியைத் தூக்கிப் பாருங்கள்.

வண்டியை வெளியே எடுத்த அன்று நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்று இறங்கிய இடது முன்சக்கரத்தைக் கழற்ற வீல் ஸ்பேனரை மாட்டி எப்போதும் போல இடதாகத் திருப்பினோம். அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி மச்சான் ஏறி நின்றான். டக்கென்று ஒரு சத்தம், போல்ட்டின் தலை மட்டும் கீழே விழுந்தது. துருதான் காரணம் என்று இரண்டாவதையும் உடைத்தோம். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார், "எடது சக்கரத்துக்கு எடது மரை தம்பி, இறுக்குற பக்கம் திருப்புனாதான் கழலும்." பிளைமவுத், டாட்ஜ், டிசோட்டோ என்று கிரைஸ்லர் குடும்பத்துப் பழைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இப்படித்தான். பின்சக்கர டிரம்மும் அதற்கென்று உள்ள புல்லர் போட்டால்தான் வரும், சுத்தியலால் அடித்தால் பேரிங்கும் ஆக்சிலும் கெடும்.

எஞ்சின் இறுகியிருந்தால் செல்ஃப் போட்டுப் பார்க்கவே கூடாது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விடுங்கள், பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். என் வண்டி பதினோராம் நாள் அசைந்தது. செவர்லேயின் பழைய 216 எஞ்சின் என்றால் கனெக்டிங் ராட் பேரிங் வைட் மெட்டல் என்ற மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றியது, புதுசு வாங்கி மாட்ட முடியாது, ஊற்றத் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். ஃபோர்டின் பழைய வி8 அழகுதான், ஆனால் சூடான எக்சாஸ்ட் வழி பிளாக்குக்குள்ளேயே தண்ணீரைக் கடந்து போகும், கத்திரி வெயிலில் அது படுத்தும் பாட்டுக்கு ரேடியேட்டரை முழுக்கப் பிரித்துக் குத்திச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

மின்சாரம் பெரும்பாலும் 6 வோல்ட். பிளைமவுத், டாட்ஜ், ஃபோர்டில் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும், செவர்லேயில் நெகட்டிவ். இதைக் கேட்காமல் ஒரு எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றி மாட்டினால் டைனமோ சார்ஜ் ஏற்றாது. செல்ஃப் சோம்பினால் பேட்டரியைத் திட்டாதீர்கள், கடையில் கிடைக்கிற மெல்லிய 12 வோல்ட் கேபிள்தான் காரணமாக இருக்கும், இரண்டு மடங்கு தடிமனாகப் போடுங்கள்.

பிரேக்கை எஞ்சினுக்கு முன்னாடி முடியுங்கள். வீல் சிலிண்டரில் பள்ளம் விழுந்திருந்தால் ராணிப்பேட்டைப் பக்கத்து நல்ல லேத்தில் ஸ்லீவ் போட்டுத் தருவார்கள், ரப்பர், ஹோஸ் எல்லாம் புதுசு. பெட்ரோல் பம்ப் டயாபிரத்தையும் மாற்றுங்கள், இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடும். சீட்டுக்கு ஆம்பூர்த் தோல் போடலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் ஷூவுக்கான தோல், சீட்டுக்கு வேண்டிய அகலம் கிடைப்பது கஷ்டம். பெயிண்ட் கடைசி.

முதல் ஓட்டம் விடியற்காலை, சர்வீஸ் ரோட்டில். தண்ணீர்க் கேன், ஃபேன் பெல்ட், ஜாக்கி எல்லாம் டிக்கியில் இருக்கட்டும். என் டிக்கி மூடியின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதியிருக்கிறது: "இடது பக்கம் – எதிர்த் திருப்பு." மச்சான் எழுதியது.