ஈரக் கையோடு ஒரு சமையல் தளத்தைச் சோதிப்பது எப்படி

ஒரு உணவுத் தளம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் பலரும் கம்ப்யூட்டரில் முகப்பைத் திறந்து, நாலு படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் சமையல் குறிப்பைப் படிக்கிறவர் அடுப்பு முன்னால் நிற்கிறார், ஒரு கை ஈரம், இன்னொரு கையில் கரண்டி, போன் டப்பா மேல் சாய்ந்து கிடக்கிறது. நீங்களும் அங்கே போய் நின்று சோதியுங்கள்.

முதலில் மூன்று வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு குறிப்பைத் தேடி எடுப்பது, சமைக்கும்போது நடுவில் அளவைச் சரிபார்ப்பது, வீட்டில் இருக்கும் ஒரு பொருளை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பது. தளத்தை இதுவரை பார்க்காத ஐந்து பேரிடம் கொடுங்கள். ஐந்து பேர் போதுமா என்றால், போதும். பெரும்பாலான குறைகள் அதற்குள் வெளியே வந்துவிடும், திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் கொடுப்பதே நல்லது என்று தளங்களின் பயன்பாட்டை ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதிவிட்டார். அவர்கள் தடுமாறும்போது "அந்த மூணு கோடு போட்ட மெனுவைத் தொடுங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் சோதனை கெட்டது.

இரண்டாவது வேலையில்தான் அதிகம் பேர் மாட்டுவார்கள். ஆறாவது படியில் "மீதி மாவைச் சேர்க்கவும்" என்று இருக்கும். மீதி எவ்வளவு என்று பார்க்க மேலே போக வேண்டும், போனால் பட்டியலுக்கும் செய்முறைக்கும் நடுவில் ஏழெட்டுப் படம், இரண்டு விளம்பரம், எழுதியவரின் சின்ன வயது ஞாபகங்கள், திரும்பி வருவதற்குள் எது எத்தனையாவது படி என்பதே மறந்துவிடும், அடுப்பில் வேறு தீய்ந்துகொண்டிருக்கும். (ஞாபகங்கள் எனக்கும் பிடிக்கும், ஆனால் அடுப்பை அணைத்த பிறகு.) ஒவ்வொரு படியிலும் அளவு மறுபடி எழுதப்பட்டிருக்கிறதா, நேராகக் குறிப்புக்குப் போக ஒரு பொத்தான் இருக்கிறதா, திரை அணையாமல் வைக்க வழி உண்டா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

அப்புறம் எழுத்து. பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான வலைத்தள அணுகல் விதிகளின்படி (WCAG), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. சாப்பாட்டுப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் தலைப்பு போடுகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள், ஏனென்றால் தட்டும் வெள்ளை. தமிழ்த் தளமென்றால் வரி இடைவெளியையும் கவனியுங்கள்; 'கீ', 'கூ' மாதிரி எழுத்துகள் மேலேயும் கீழேயும் நீள்வதால், ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருவை அப்படியே எடுத்துப் போட்டால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். பொத்தான்களின் அகலமும் பத்தாது, நம் சொற்கள் நீளம்.

பொத்தான் அளவு: அந்த அணுகல் விதிகளின் 2.2 பதிப்பு அகலம், உயரம் இரண்டிலும் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது, ஆப்பிள் 44 புள்ளி என்கிறது. ஈர விரலுக்கு 44 பக்கம் போங்கள்.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், உங்கள் வைஃபை பொய் சொல்லும். வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவி இலவசம். முகவரியைக் கொடுத்து மொபைல் பகுதியைப் பாருங்கள். முக்கியமான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்கு மேல் போகக் கூடாது. குதிப்பது என்றால், படித்துக்கொண்டிருக்கும்போது மேலே விளம்பரம் நுழைந்து வரியைக் கீழே தள்ளுகிறதே, அது.

நிறம், லோகோ எல்லாம் கடைசியில் பத்து நிமிஷம். அறிக்கை எழுதும்போது குறைகளை உங்கள் ரசனைப்படி அடுக்காமல், ஐந்து பேரில் எத்தனை பேர் மாட்டினார்கள் என்ற எண்ணிக்கைப்படி அடுக்குங்கள்: நாலு பேர் மாட்டியது மேலே, லோகோவின் பச்சை சரியில்லை என்று ஒருவர் முனகியது அடியில்.