வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், விடிந்தும் விடியாத நேரம். காலை ஓட்டத்தில் ஒரு வளைவில் திரும்பினேன். பதினைந்தடி தள்ளி, பனிமூட்டத்துக்குள் வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல நான்கு கால்கள். மேலே இருந்ததைப் பாறை என்றுதான் நினைத்தேன். பாறை 'புஸ்ஸ்' என்று மூச்சு விட்டது.

அது மேய்வதை நிறுத்தவில்லை, நான் பிழைத்தேன். சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அதைப் பார்ப்பதற்கு முன்பே பெரிய தவறைச் செய்து முடித்திருந்தேன்: காதில் இயர்போன், காலில் சத்தமே போடாத ஷூ.

அதே பாதையில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஊர்க்கதை பேசிக்கொண்டே நடப்பார்கள். அவர்கள் வருவது மிருகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அதுவே ஒதுங்கிப் போகும். நடந்து வருகிறவரைவிட வேகமாகவும், பேச்சில்லாமலும் வருகிறவர் ஓட்டப் பயிற்சிக்குப் போகிற நாம்தான். திடுக்கிட வைப்பதும் நாம்தான். காட்டோரத்தில் நடக்கும் தாக்குதல்களில் பல இந்தத் திடுக்கிடலில் தொடங்குபவை. அதனால் இயர்போனைக் கழற்றுங்கள். வளைவு வந்தால் நடந்து திரும்புங்கள், குரல் கொடுத்தபடி. முழுதாக வெளிச்சம் வரும்வரை கிளம்பாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதிகாலையும் அந்தியும் அவை மேயும் நேரம்.

அடுத்தது, 'மாடுதானே' என்ற நினைப்பு. காட்டெருமை என்று பெயரில் எருமை இருந்தாலும் உண்மையில் இது காட்டுமாடுதான். ஆனால் வளர்ந்த காளை 1,000 கிலோ வரை இருக்கும், தோள் ஆறடியைத் தொடும். தேயிலை வரிசைகளுக்கு நடுவே முளைக்கும் புல்லுக்காகத் தினமும் வந்து போவதால் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கம் நமக்கு இல்லை. அது பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நின்றால், வழி விடுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று காட்டுகிறது. தலையைத் தாழ்த்தினால், சீறினால், காலால் தரையைத் தட்டினால் இன்னும் மோசம். கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்கி, பெரிய மரமோ சுவரோ இடையில் வரும்படி நில்லுங்கள். கூட்டம் என்றால் முதல் நான்கைந்து போனதும் பாதை காலி என்று கிளம்பிவிடக் கூடாது. கன்றோடு தாய் பின்னால் வரலாம்.

ஓடுகிறவருக்கு ஓடாமல் நிற்பதுதான் கஷ்டம். கால் தானாகக் கிளம்பும். ஆனால் சிறுத்தைக்கு முன்னால் ஓடினால் நாமே துரத்தச் சொல்கிற மாதிரி. குனியவும் கூடாது, ஷூ லேஸ் கட்ட உட்கார்ந்தால் அதன் கண்ணுக்கு நாம் சின்ன இரை. நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, மெல்லப் பின்னால் போக வேண்டும். யானை சரிவில் இறங்க முடியாமல் நின்றுவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. யானை கண்ணில் பட்டாலே அன்றைய ஓட்டம் முடிந்தது, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கரடி விஷயம் வேறு. கோத்தகிரிப் பக்கம் பேரிக்காய், பலா பழுக்கிற காலத்தில் வீட்டுத் தோட்டம்வரை வரும். அதற்கு மோப்பம் கூர்மை, பார்வையும் செவியும் மந்தம். கிட்டே போகும்வரை நம்மைக் கவனிக்காது, கவனித்ததும் முகத்தைக் குறிவைத்துப் பாயும். மரத்தில் ஏறித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம், அது நம்மைவிட நன்றாக ஏறும். அதன் எதிரே போய் மாட்டாமலிருக்க, உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த இடுக்குப் பாதையை விட்டு, தினசரி ஓட்டத்துக்குத் திறந்த பாதையைத் தேர்ந்தெடுப்பதே ஒரே வழி.

நாயைக் கூட்டிப் போகிறவர்களுக்கு: நாய் குரைத்து வம்பிழுக்கும், பயந்ததும் உங்களிடமே ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரும். செல்ஃபி எடுப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். மேப்பில் கோடு தெரிகிறது என்பதற்காக உள்ளே போகாதீர்கள்.

நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் இரண்டு முறை சத்தமாக இருமிவிட்டுத்தான் திரும்புகிறேன். போன வாரம் எஸ்டேட் வாட்ச்மேன் நிறுத்திக் கேட்டார்: "என்ன சார், ஒரு மாசமா சளி விடவே இல்லையா?"