மறுபடி முளைச்ச காட்டுல என்ன மரம் வருதுன்னு கணக்கெடுக்குறது எப்படி

வெட்டி அழிச்ச இடத்துல தானா முளைச்சு வந்த காட்டைத்தான் இரண்டாம் நிலைக் காடுன்னு சொல்றோம், துணை வெப்பமண்டலத்துல, அதுலயும் தெற்கு சீனா மலைங்கள்ல இது ரொம்ப அதிகம். மேல பூரா மாசோன் பைன் நிக்கும், தூரத்துலேர்ந்து பாத்தா பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா அதோட நிழல்ல அதோட கன்னே தேறாது, ஏன்னா பைனுக்கு நல்ல வெயில் வேணும். அடியில வர்றதெல்லாம் காஸ்டனாப்சிஸ் மாதிரி நிழல் தாங்குற மரங்கதான். அதனால காடு எங்க போகுதுன்னு தெரியணும்னா குனிஞ்சு எண்ணுங்க.

மொதல்ல 20க்கு 20 மீட்டர் பிளாட், அதாவது மரம் எண்ணுறதுக்கான சதுரக் கட்டம், போடுங்க. முகடு, சரிவு, பள்ளம் மூணுலயும் போடணும், பாக்க அழகா இருக்குற இடமா பொறுக்காதீங்க. சரிவுல டேப்பை தரையோட படுக்க வச்சு அளக்கக் கூடாது, மட்டமா பிடிக்கணும். 30 டிகிரி சரிவுல மட்டமா 20 மீட்டர்னா தரையில 23 மீட்டருக்கு மேலயே வந்துரும். பெரிய மரத்துக்கு 1.3 மீட்டர் உயரத்துல சுற்றளவு எடுத்து 3.14ஆல வகுத்தா விட்டம். இளமரத்துக்கு உள்ளயே 5க்கு 5, நாற்றுக்கு 1க்கு 1 கட்டம் நாலஞ்சு.

இப்ப முக்கியமான விஷயம், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். கன்னு விதையிலேர்ந்து வந்துச்சா, பழைய கட்டையிலேர்ந்து துளிர்த்துச்சான்னு பாக்கணும். அடிமண்ணை விரலால லேசா விலக்குங்க, தண்டை விட பல மடங்கு தடிச்ச கட்டையோ வேரோ இருந்தா துளிர், தண்டு அப்படியே ஒல்லியா ஆணிவேரா இறங்குனா விதைக்கன்னு. ஒரே கட்டையிலேர்ந்து ஏழு தண்டு வந்தாலும் அது ஒரு மரம்தான், தண்டு ஒவ்வொண்ணையும் அளங்க ஆனா ஒண்ணுன்னு எண்ணுங்க, இல்லன்னா கணக்கு மொத்தமும் கோணிரும். துளிர் சீக்கிரம் காட்டை மூடிரும்கிறது நல்லதுதான், ஆனா அதனால புது இனம் எதுவும் உள்ள வராது, வெட்டுறதுக்கு முன்னாடி இருந்ததேதான் திரும்ப நிக்கும்.

அப்புறம் ஷானன் இண்டெக்ஸ் போடுங்க, எத்தனை இனம் இருக்கு, அதுங்க எவ்ளோ சமமா இருக்குங்குற ரெண்டையும் சேத்துக் காட்டுற எண் அது, வெறும் இன எண்ணிக்கைய நம்பாதீங்க. நாலு இனம் சமமா இருந்தா 1.39 வரும், அதே நாலுல ஒண்ணு மட்டும் 97 சதவீதம், மத்தது ஆளுக்கு ஒரு சதவீதம்னா 0.17தான். மேல் அடுக்குக்கும் நாற்றுக்கும் தனித்தனியா போட்டு ரெண்டு லிஸ்டையும் பக்கத்துல வைங்க. கீழ மட்டும் இருக்குற இனம் பறவை கொண்டு வந்ததா இருக்கலாம். கீழ ஒண்ணுமே இல்லன்னா டைக்ரனாப்டெரிஸ் பெரணி மெத்தை மாதிரி மூடியிருக்கா, மோசோ மூங்கில் உள்ள நுழைஞ்சிருக்கான்னு பாருங்க, ரெண்டுமே நாற்றை எழும்ப விடாது.

ஒரே ஒரு தடவ எண்ணிட்டு முடிவு சொல்லாதீங்க ப்ளீஸ். காஸ்டனாப்சிஸ் சில வருஷம் கொட்டோ கொட்டுன்னு காய்க்கும், அடுத்த வருஷம் தரை பூரா நாற்று, அதுல பெரும்பாலானது செத்துரும். கிழக்கு சீனாவுல இருக்குற குடியன்ஷான் காட்டுல 2005ல போட்ட 24 ஹெக்டேர் பிளாட்ல 1 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் டேக் மாட்டி, வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப அளக்குறாங்க. நம்மளால அவ்ளோ முடியாது, நாற்றுக்கு பக்கத்துல ஒரு கம்பிய குத்தி நம்பர் டேக் மாட்டிட்டு அடுத்த வருஷம் அதே மாசம் போய் எது உசுரோட இருக்குன்னு பாத்தாலே போதும். டேக்கை தண்டுல மட்டும் இறுக்கி கட்டிடாதீங்க.