சம்பளம் இல்லாத டீமை நடத்துவது எப்படி: மிக் ஓட்வயரிடம் கற்றது

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு ஃபுட்பால் டீம் நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பையன்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவன் விடிகாலையில் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறான், இன்னொருவன் ராத்திரி வரை சாப்பாடு டெலிவரிக்கு வண்டி ஓட்டுகிறான். ஆடுவதற்கு யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால் கோச்சுக்கு முதல் வேலை, இன்று வந்தவனை நாளைக்கும் வரவைப்பதுதான். ஆட்டம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அப்புறம்.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி அயர்லாந்தின் கோச் மிக் ஓட்வயர். 2025 ஏப்ரலில் 88 வயதில் காலமானார். அவருடைய ஆட்டம் கேலிக் கால்பந்து: பக்கத்துக்கு 15 பேர், பந்தைக் கையாலும் ஆடலாம் காலாலும் ஆடலாம், அவர் காலத்தில் குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் 3. இறுதிப்போட்டி பார்க்க டப்ளின் குரோக் பார்க்கில் 80,000 பேர் கூடுவார்கள். ஆனாலும் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஓட்வயரின் கெர்ரி மாவட்ட டீமில் போலீஸ்காரர் இருந்தார், வாத்தியார் இருந்தார். இவர்களை வைத்துத்தான் 1975க்கும் 1986க்கும் இடையில் எட்டு முறை அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றார்.

அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் ஓட்டம். 1975இல் அவர் கையில் கிடைத்தது இளவட்டங்கள் நிறைந்த டீம். கெர்ரியில் இருக்கும் கில்லார்னி மைதானத்தில் ஒரு முனை வேலியிலிருந்து மறுமுனை வேலி வரை ஓடவிட்டார். அந்த வருடமே, முந்தைய ஆண்டு சாம்பியனான டப்ளினை இறுதியில் தோற்கடித்தார்கள்.

நம் ஊரில் அதை அப்படியே செய்யாதீர்கள். நாலு மணிக்கே எழுந்து சுமை தூக்கியவனையும் காலேஜிலிருந்து நேராக வருபவனையும் ஒரே ஓட்டம் ஓடவிட்டால் முதலாமவன் அடுத்த வாரம் வரமாட்டான். கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரை வேகமாக ஓட்டம், திரும்பும்போது நடை. காலேஜ் பையனுக்கு எட்டு முறை, சுமை தூக்கியவனுக்கு நாலு போதும். படகில் போகும் பையன்கள் இருந்தால் உங்கள் காலண்டர் மீன்பிடித் தடைக்காலத்திலிருந்து தொடங்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முழு டீமும் கரையில் இருப்பது அப்போதுதான். கத்திரி வெயில் காலம் என்பதால் காலை ஆறு மணிக்கு முன்பே தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள். ஒரு குடம் உப்பு மோர் கட்டாயம். அந்த நாட்களில் சிலர் பெயின்ட் வேலை, லோடு வேலை என்று போவார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இரண்டு நாள் ஒருவன் வரவில்லை என்றால் போனில் திட்டாதீர்கள். நேரில் போங்கள். "ஓனர் விடமாட்றாருண்ணா" என்பான். சரி, ஓனரிடமே போய், ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு இரண்டு மணி நேரம் கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். அம்மாவிடம் "ஏழரைக்குள்ள அனுப்பிடுறேன்மா" என்று சொன்னால் ஏழரைக்கு அனுப்பிவிட வேண்டும். ஓட்வயர் நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கும் வாட்டர்வில்லில் குடியிருந்துகொண்டு, நாட்டின் அந்தப் பக்கம் கிழக்கே இருக்கும் கில்டேர் டீமுக்குப் பயிற்சி கொடுக்கக் கார் ஓட்டிப் போனவர். கோச் முதலில் வந்து நிற்கிற மைதானத்துக்குப் பையன்கள் தானாக வருவார்கள். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

அடிபட்டவனை விட்டுவிடாதீர்கள். கெர்ரியின் பாட் ஸ்பிலேன் 1981இல் முழங்கால் தசைநார் அறுந்து ஒதுங்கியவர். 1984இல் திரும்பி வந்து மறுபடி கோப்பை வென்றார். நம் பையனுக்கு முழங்கால் திரும்பினால் எண்ணெய் தடவி நாளைக் கடத்தாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். குணமாகும் வரை விசில், பந்துக் கணக்கு என்று ஏதாவது வேலை கொடுத்து மைதானத்திலேயே வைத்திருங்கள்.

தோல்விதான் பெரிய சோதனை. 1982இல் கெர்ரி தொடர்ந்து ஐந்தாவது கோப்பைக்கு ஆடியது. சில நிமிடங்களே பாக்கி, இரண்டு புள்ளி முன்னிலை. எதிர் டீமான ஆஃபலியின் மாற்று ஆட்டக்காரர் ஷேமஸ் டார்பி ஒரு கோல் அடித்தார். ஒரு புள்ளியில் போயிற்று. அடுத்த வருடம் கார்க் டீமிடமும் கடைசி நேரக் கோலில் தோற்றார்கள். எந்த டீமும் உடைந்துபோகும் இடம் அது. ஓட்வயர் பழைய ஆட்களைக் கைவிடவில்லை, சில புதியவர்களைச் சேர்த்தார். 1984, 85, 86 மூன்றும் கெர்ரிக்கே. ஆகவே தோற்ற அன்று மைதானத்தில் பேச்சு வேண்டாம். எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த பயிற்சி வழக்கமான நாளில், வழக்கமான நேரத்தில் நடக்கட்டும். கோல் விட்டவனை அடுத்த மேட்சில் உட்காரவைக்காதீர்கள்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது கெர்ரிக்குப் பிறகு அவர் செய்தது. கோப்பையை மறந்துபோன ஊர்களுக்குப் போனார். கில்டேர் 1956க்குப் பிறகு 1998இல்தான் லென்ஸ்டர் மாகாணப் பட்டம் வென்றது. லீஷ் 1946க்குப் பிறகு 2003இல். இரண்டுக்கும் மேனேஜர் அவர்தான். புதிதாக டீம் தொடங்குகிறவர்கள் முதல் வருடம் ஒரு செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) போட்டியில் இரண்டாம் சுற்று போனால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் முன், ஸ்டட் ஷூ இல்லாதவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, முதல் பணத்தை அதற்கே செலவிடுங்கள்.