வீட்டு கம்ப்யூட்டர் ப்ராசசர் ரொம்ப சூடாகுதா, அளந்து பாத்துருங்க (கடக்கர ஊர்க்காரங்களுக்கு)

போன சித்திரையில எங்க வீட்டு கம்ப்யூட்டர் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பொசுக்கு பொசுக்குன்னு ஆஃப் ஆக ஆரம்பிச்சுச்சு, நீலத்திரை எதுவும் வரல, வயர புடுங்குன மாதிரி ஒரே இருட்டு, அக்கா மக அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருந்தவ பாதியில அப்படியே ஒக்காந்துட்டா. ஒரு கடைக்கு கொண்டு போனோம், கேபினட் மேல கைய வச்சு பாத்துட்டு "மதர்போர்டு போச்சு தம்பி, மாத்திரணும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல, திருப்பி எங்க ஊரு மண்டபத்துக்கே (ராமேஸ்வரம் பக்கத்துல) தூக்கிட்டு வந்து நானே அளந்து பாத்தேன், மதர்போர்டு நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு செஞ்சத அப்படியே எழுதுறேன், தொட்டு பாத்து சொல்றத நம்பி யாரும் காச விட்டுற கூடாது.

மொதல்ல ஒன்னு புரிஞ்சுக்கங்க, ப்ராசசர் (கம்ப்யூட்டரோட மூளை மாதிரி இருக்குற சிப்பு) எத்தன டிகிரின்னு மட்டும் பாத்தா ஒன்னும் தெரியாது, ரூம் எத்தன டிகிரி, அதுக்கு மேல ப்ராசசர் எவ்வளவு ஏறி நிக்குது, அந்த வித்தியாசம்தான் கணக்கு. யூடியூப்ல 70 டிகிரி வருதுன்னு காட்டுறவங்க பெரும்பாலும் 22, 24 டிகிரி ஏசி ரூம்ல ஒக்காந்து காட்டுறாங்க, நம்ம வீட்டுல அக்னி நட்சத்திரத்துல ரூமே 35 இருக்கும், அதே மிஷின் அதே வேலைக்கு இங்க 82 கிட்ட காட்டுனா அது பழுதில்ல, ரூம் ஏறுன அளவுக்கு அதுவும் ஏறியிருக்கு, அவ்வளவுதான். இன்னொன்னு, நம்மள வாட்டுற புழுக்கம் ப்ராசசருக்கு கெடையாது, நமக்கு வேர்வ காயாததால வெக்கை தெரியுது, அதுக்கு வேர்க்கிறதே இல்ல, காத்தோட சூடு மட்டும்தான். அதனால ஏர் கூலர கேபினட்டுக்கு நேரா திருப்பி வைக்கிறத விட்டுருங்க, கடக்கரையில ஏற்கனவே காத்து ஈரம், அதுல கூலர் பெருசா குளுமை தராது, மேல ஈரத்த ஏத்தி துருவத்தான் சீக்கிரம் கூட்டிட்டு வரும்.

சரி, அளக்குறதுக்கு வருவோம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்ல தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா அதோட சூடு காட்டும், ப்ராசசரோடத தேடாதீங்க. எச்டபிள்யூஇன்ஃபோ, கோர் டெம்ப், எச்டபிள்யூமானிட்டர்னு சூடு காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, இதுல ஏதாவது ஒன்ன அதோட சொந்த சைட்ல இருந்தே எறக்குங்க, மூணுமே ப்ரீதான். நான் எச்டபிள்யூஇன்ஃபோ தான் சொல்லுவேன், தொறக்கும்போது சென்சார்ஸ் ஒன்லின்னு ஒரு டிக் இருக்கும் அத போட்டுட்டு ஸ்டார்ட் குடுங்க. பெரிய லிஸ்ட்டு வரும், பயப்படாதீங்க, இன்டெல்லா இருந்தா சிபியு பேக்கேஜ்னு இருக்குற வரி, ஏஎம்டியா இருந்தா டிசிடிஎல்/டிடைன்னு இருக்குற வரி, அத மட்டும் பாத்தா போதும். ஆக்ஸ்டின்னு ஒரு வரி சில போர்டுல 100க்கு மேல எதையாவது காட்டிக்கிட்டே இருக்கும், அங்க பெரும்பாலும் சென்சாரே கனெக்ட் ஆகியிருக்காது, அத பாத்து பதறி மிஷின ஆஃப் பண்ணவங்கள எனக்கே தெரியும். லினக்ஸ்ல எல்எம் சென்சார்ஸ் போட்டுட்டு டெர்மினல்ல சென்சார்ஸ்னு அடிச்சா வந்துரும். விண்டோஸே ஏறலன்னா ஆன் பண்ணும்போது டெலீட் கீ இல்ல எஃப் 2 தட்டி பயாஸ்குள்ள (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) போனா அங்கயும் காட்டும், அங்க சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

ஒரு ரூம் தெர்மாமீட்டர் வாங்கி கேபினட் பக்கத்துல வச்சுக்கங்க, பின்பக்கம் சுடுகாத்து வர்ற எடத்துல வேணாம். கம்ப்யூட்டர ஆன் பண்ணி ஒன்னும் ஓட்டாம கால் மணி நேரம் விட்டு ரெண்டு நம்பரையும் எழுதுங்க, ரூமுக்கு மேல 10ல இருந்து 20 வரைக்கும் இருந்தா நல்ல நெலம. ஏஎம்டியோட ரைசன்ல சும்மா இருக்கும்போதே நம்பர் குதிச்சு குதிச்சு எறங்கும், அது அதோட சுபாவம். அப்புறம் ப்ராசசருக்கு முழு வேலை குடுக்குற சினிபெஞ்ச் மாதிரி சாஃப்ட்வேர் ஒன்ன 10 நிமிஷம் ஓட விடுங்க, 1 நிமிஷத்துல நிறுத்துனா பிரயோஜனம் இல்ல, ப்ராசசர் மேல இருக்குற கூலர் (தகடும் ஃபேனும்) இரும்பு மாதிரி மெதுவாத்தான் சூடேறும். ஓடும்போது சூடு மட்டும் பாக்காதீங்க, க்ளாக் ஸ்பீடு, அதாவது ப்ராசசர் ஓடுற வேகம், எத்தன கிகாஹெர்ட்ஸ் நிக்குதுன்னும் பாருங்க, தெர்மல் த்ராட்லிங்னு ஒரு வரி இன்டெல்ல இருக்கும், நோ-ன்னு இருக்குறது எஸ்-னு மாறுச்சுன்னா ப்ராசசர் சூடு தாங்காம தானா வேகத்த கொறச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

எங்களோடது இன்டெல் ஐ5 10400, கூட வந்த கூலர்தான். ரூம் 34, சும்மா இருக்கும்போது 61. சினிபெஞ்ச் போட்டு அரை நிமிஷம் ஆகல, நேரா 100. நாலு கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்க வேண்டியது மூணுக்கு கீழ எறங்கிருச்சு, கொஞ்ச நேரத்துல பொட்டுன்னு ஆஃப்.

அந்த ப்ராசசருக்கு 100 தான் உச்சம், நெறைய இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசருக்கு அதுதான், ரைசன் 5000ல மாடலப் பொறுத்து 90 இல்ல 95. ரைசன் 7000ல 7700எக்ஸ் மாதிரி பெரிய மாடலெல்லாம் முழு வேலையில 95 வரைக்கும் போற மாதிரியேதான் செஞ்சிருக்காங்க, அத பழுதுன்னு நெனைக்காதீங்க. மத்தபடி கூட வந்த கூலர்ல முழு வேலையில 80க்கு கீழன்னா நிம்மதியா இருங்க, சித்திர வைகாசியில 80 சொச்சம் வந்தாலும் ஸ்பீடு கொறயலன்னா ஒரு தடவ தூசி தட்டுனா போதும். உச்சத்த முட்டி ஸ்பீடும் எறங்குதுன்னா அன்னைக்கே கவனிங்க.

நம்ம பக்கம் லோ வோல்டேஜ் தொல்ல வேற இருக்கு, ஆஃப் ஆகுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம், எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள கரண்ட் குடுக்குற பெட்டி) கூட காரணமா இருக்கலாம். விண்டோஸ்ல நடந்தத பதிஞ்சு வைக்கிற ஈவன்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு வந்துருக்கும், அது திடீர்னு அணைஞ்சுச்சுன்னு மட்டும்தான் சொல்லும், ஏன்னு சொல்லாது. அதுக்கு எச்டபிள்யூஇன்ஃபோல கீழ லாக்கிங் பட்டன் இருக்கு, அத அமுக்குனா ஒவ்வொரு ரெண்டு செகண்டுக்கும் ஒரு ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும், அடுத்த தடவ ஆஃப் ஆனதும் அந்த ஃபைல எக்செல்ல தொறந்து கடைசி வரிகள பாருங்க. 99, 100னு நின்னு அணைஞ்சிருந்தா சூடு, 65ல ஓடிக்கிட்டு இருக்கும்போதே அணைஞ்சிருந்தா ப்ராசசர விட்டுட்டு கரண்ட் பக்கம் போங்க. இந்த ஒரு ஃபைல் இல்லாம யாரு என்ன பழுதுன்னு சொன்னாலும் பணத்த எடுக்காதீங்க.

சூடுதான்னு ஆயிருச்சா, சைடு மூடிய கழட்டிட்டு மறுபடி அதே 10 நிமிஷம் ஓட்டுங்க. 8, 10 டிகிரி எறங்குச்சுன்னா கேபினட்டுக்குள்ள காத்து போகல, மேசைக்குள்ள அடைச்சு வச்சிருப்பீங்க, செவுத்த ஒட்டி வச்சிருப்பீங்க, இல்ல முன் ஜாலி அடைச்சிருக்கும். எறங்கவே இல்லன்னா கூலர்தான்.

எங்களுக்கு எறங்கல. ஆஃப் பண்ணி வயர எடுத்துட்டு டார்ச் அடிச்சு பாத்தேன், ஃபேனுக்கு கீழ அலுமினிய தகட்டு இடுக்கு முழுக்க சாம்பல் நெறத்துல கம்பளி மாதிரி ஒரு அடை, விரல்ல எடுத்தா உதிரல, பிசுபிசுன்னு ஒட்டுச்சு. நம்ம ஊரு தூசி அப்படித்தான், ஆடியில கச்சான் காத்து மணல கொண்டாந்து போடும், உப்பு ஈரத்த இழுத்து புடிச்சு வச்சுக்கும், ரெண்டும் சேந்து கெட்டியாயிரும். தகட்டு ஓரத்துல வெள்ளையா பூத்திருந்துச்சு, அலுமினியம் உப்புல அப்படித்தான் பூக்கும். 1914ல தொறந்த பாம்பன் ரயில் பாலத்தயே இந்த உப்பு அரிச்சு 2022 டிசம்பர்ல ரயில நிறுத்த வச்சுருச்சு, நம்ம கேபினட்டு எம்மாத்திரம். அதனால ஜன்னலுக்கு நேரா மிஷின வைக்காதீங்க, காத்து வரும்னு வைப்போம், உப்பும் சேந்துதான் வரும்.

இந்த அடை வெறும் ஊதலுக்கு போகாது, காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால இடுக்கு இடுக்கா கெளறி விட்டுட்டு அப்புறம் சின்ன எலக்ட்ரிக் ப்ளோயர்ல ஊதுங்க, ஃபேன் றெக்கைய விரலால புடிச்சுக்கங்க, சுத்த விட்டா பேரிங் கெடும். பஞ்சர் கடை காத்து வேணவே வேணாம், அந்த டேங்க்ல தண்ணி தேங்கியிருக்கும், துளி துளியா போர்டு மேல அடிச்சுரும்.

சுத்தம் பண்ணும்போதுதான் கண்ணுல பட்டுச்சு, கூலரோட நாலு பின்ல ஒன்னு பாதி வெளிய வந்து நின்னுச்சு. இன்டெல் கூலர்ல அந்த பின்னத்தான் மொதல்ல ஆட்டி பாக்கணும், ஒன்னு லூசா இருந்தாலே கூலர் சரிஞ்சு ப்ராசசர்ல சரியா ஒக்காராது. கழட்ட பின் தலையில இருக்குற அம்புக்குறி பக்கம் திருப்பி மேல இழுங்க, மாட்டும்போது எதிர்ப்பக்கம் திருப்பி வச்சு குறுக்கு குறுக்கா ரெண்டு ரெண்டா டிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்குங்க. கழட்டிட்டா ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்ட கடத்துற பழைய பேஸ்ட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில தொடச்சு எடுத்துட்டு புதுசா ஒரு பட்டாணி அளவு நடுவுல வைங்க. ஏஎம்4 சாக்கெட் பழைய ரைசன் வச்சிருக்கவங்க மட்டும் ரொம்ப கவனம், பேஸ்ட் இறுகியிருந்தா கூலரோட ப்ராசசரும் ஒட்டிக்கிட்டு சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்துரும், பின்னு வளைஞ்சா போச்சு, அதனால 10 நிமிஷம் ஓட்டி சூடு பண்ணிட்டு, ஆஃப் பண்ணி, லேசா இப்படி அப்படி திருகி எடுங்க, நேரா இழுக்காதீங்க.

மூடிட்டு அன்னைக்கு சாயங்காலமே ஓட்டுனேன், ரூம் 33, சும்மா 46, பத்து நிமிஷ வேலையில 77, ஸ்பீடு எறங்கல. மூணு நம்பரையும் தேதி போட்டு சைடு மூடி உள்பக்கம் ஒரு பேப்பர்ல ஒட்டியிருக்கேன். ஆடிக்காத்து நின்னதும் ஒரு தடவ, பங்குனியில ஒரு தடவ அதே சோதனைய ஓட்டி பக்கத்துல எழுதுறேன், ரூமுக்கு மேல ஏறுற வித்தியாசம் 44ல இருந்து 50 தாண்டுச்சுன்னா அன்னைக்கே பிரஷ்ஷ எடுத்துருவேன்.