நைட் கிளப்பில் அநியாயமா? அந்த இரவில் நாம் செய்துவிடும் தவறுகள்

நைட் கிளப் வாசலில் அவமானப்பட்டுத் திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள், நடந்ததைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கவைத்துவிட்டு "நீங்கள் மட்டும் வேண்டாம்" என்று ஒதுக்கப்பட்டவர், யாரோ போட்ட சண்டைக்காக வெளியே தள்ளப்பட்டவர், கேட்காத பாட்டிலுக்குப் பணம் கட்டியவர் என்று பல பேர். பெரும்பாலும் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருக்கும். ஆனால் புகார் என்று கிளம்பும்போது கையில் ஒன்றும் இருக்காது. அன்றைய இரவிலும் அதற்கடுத்த இரண்டு நாட்களிலும் செய்த தவறுகள் அவர்களைத் தோற்கடித்திருக்கும். நானும் அப்படித் தோற்றவன்தான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் தவறு, வாசலிலேயே வழக்கை ஜெயிக்கப் பார்ப்பது. பவுன்சர் தடுத்தால் காரணத்தை ஒரே ஒரு முறை, நிதானமாகக் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவரும் வரவில்லையா, நேரத்தைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். கிளப் என்பது தனியார் இடம். வெளியே போகச் சொன்ன பிறகும் அங்கேயே நின்றால் பல நாடுகளில் சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். பவுன்சரின் கையை லேசாகத் தட்டிவிட்டால்கூட, கிளப்பின் சம்பவப் பதிவேட்டில் "வாடிக்கையாளர் தாக்கினார்" என்று ஏறிவிடும். அதன் பிறகு உங்கள் புகாரை யார் படித்தாலும் அந்த வரியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

கிளம்பும் முன் பவுன்சரின் அட்டை எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் வாசல் காவலர்களுக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். எஸ்ஐஏ என்ற அரசு அமைப்பு தரும் அந்த அட்டை வேலை நேரத்தில் வெளியே தெரிய வேண்டும். உரிமம் உண்மையானதா என்று இணையத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். இப்படி ஏற்பாடு இல்லாத ஊரில் ஆளின் உயரம், உடை, எந்தக் கதவில் நின்றார் என்பதையாவது போனில் எழுதி வையுங்கள். காலையில் எல்லாம் குழம்பிவிடும்.

எல்லா மறுப்பும் ஒன்றல்ல

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உள்ளே விடாததற்கு நியாயமான காரணங்களும் உண்டு. கூட்டம் நிறைந்துவிட்டால் கதவை மூடத்தான் வேண்டும். 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் ஒரு நைட் கிளப் தீப்பிடித்து 242 பேர் இறந்ததற்கு, அளவுக்கு மீறிய கூட்டமும் ஒரு காரணம். அதே போல, ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு மது விற்பது இங்கிலாந்தில் குற்றம். தள்ளாடிக்கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பும் ஊழியர் தன் கடமையைத்தான் செய்கிறார்.

நிறம், இனம், மதம், மாற்றுத்திறன் பார்த்துத் தடுப்பது முற்றிலும் வேறு விஷயம். பல நாடுகளில் அது சட்டவிரோதம். ஆனால் எந்தப் பவுன்சரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "இன்று தனியார் நிகழ்ச்சி", "கெஸ்ட் லிஸ்டில் பெயர் இல்லை", "ஷூ சரியில்லை" என்பார். அப்போது எப்படி நிரூபிப்பது? ஒப்பிட்டுத்தான். பிரான்சில் எஸ்ஓஎஸ் ராசிஸ்ம் என்ற அமைப்பு இதைத்தான் செய்தது. வயதும் உடையும் ஒன்றுபோல இருக்கும் இளைஞர்களை, வெள்ளையர்கள் ஒரு குழுவாகவும் அரபு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஒரு குழுவாகவும் பிரித்து, அடுத்தடுத்து ஒரே கிளப்புக்கு அனுப்பியது. யாருக்குக் கதவு திறந்தது, யாருக்கு மூடியது என்று பதிவு செய்தது. இப்படித் திரட்டிய சான்றை ஏற்கலாம் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது, 2006-இல் அது சட்டத்திலேயே இடம்பெற்றது.

அதனால் புகாரில் "என் மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். மனம் புண்பட்டது உண்மைதான், எழுத வேண்டியதும்தான். ஆனால் உங்களுக்குப் பிறகு அதே போன்ற ஷூ போட்ட எத்தனை பேர் உள்ளே போனார்கள், தனியார் நிகழ்ச்சி என்று சொன்ன பிறகும் வாசலில் டிக்கெட் விற்றார்களா என்ற இரண்டு வரிகள்தான் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுவரும்.

வெளியேற்றப்பட்டவரைத் தனியே விடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. ஒருவரின் பானத்தில் யாரோ மருந்து கலந்துவிடுகிறார்கள். அவர் தள்ளாடுகிறார், நாக்கு குழறுகிறது. ஊழியர் கண்ணுக்கு அவர் அளவு தெரியாமல் குடித்தவர். உடனே பின்வாசல் வழியாக வெளியே. பை, கோட், சில நேரம் போன்கூட உள்ளேயே இருக்கும். நண்பர்களுக்கு விஷயமே தெரியாது, தெரிந்தாலும் "காற்று வாங்கிவிட்டு வருவான்" என்று ஆடிக்கொண்டிருப்பார்கள். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளிபோல நடத்தித் தெருவில் விடுவது கிளப்பில் நடக்கும் அநியாயங்களிலேயே கொடியது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு கிளாஸுக்கு மேல் குடிக்காதவர் திடீரென்று நிலைகுலைந்தால், "மருந்து கலந்திருக்கலாம், ஆம்புலன்ஸ் வேண்டும்" என்று ஊழியரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "கொஞ்சம் ஓவராகிவிட்டது" என்று சமாளிக்காதீர்கள். ஒருவர் அவருடன் கட்டாயம் வெளியே போக வேண்டும். பரிசோதனையைக் காலை வரை தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. பானத்தில் கலக்கப்படும் ஜிஹெச்பி போன்ற மயக்க மருந்து சிறுநீரில் சுமார் 12 மணி நேரம்தான் தெரியும், ரத்தத்தில் அதைவிடக் குறைவு. தூங்கி எழுந்து, குளித்து, மத்தியானம் மருத்துவமனைக்குப் போனால் ஒன்றும் அகப்படாமல் போகலாம்.

பவுன்சர் பிடித்து இழுத்ததில் அடிபட்டிருந்தாலும் அன்றிரவே மருத்துவரிடம் போய்விடுங்கள். காயம் எப்படி ஏற்பட்டது என்று அவர் எழுதும் குறிப்பு, நீங்கள் எடுக்கும் பத்துப் படங்களைவிட வலுவானது. படமும் எடுங்கள். மறுநாளும் எடுங்கள், கன்றிப்போன இடம் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.

பில் விஷயத்தில் ஆரம்பத்திலேயே விழித்துக்கொண்டால் போதும். டேபிளுக்குக் குறைந்தபட்சச் செலவு எவ்வளவு என்பதை மெசேஜில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். மெஷினில் தொகையைப் பார்க்காமல் பின் நம்பரைப் போடாதீர்கள். பில் தவறு என்றால் ஒவ்வொரு வரியாகக் காட்டச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்ட தொகையைக் கட்டிவிட்டு மீதியை மறுக்கலாம். அதற்கும் விடவில்லை, பயமாக இருக்கிறது என்றால், முழுவதையும் கார்டில் கட்டி, ரசீதில் "ஆட்சேபத்துடன் செலுத்தினேன்" என்று எழுதிப் படமெடுத்துக்கொண்டு, மறுநாளே வங்கியிடம் சொல்லுங்கள். சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பதற்குக் காலக்கெடு உண்டு. பணம் தராமல் ஓடுவது மட்டும் வேண்டாம். ஆனால் பில்லுக்காகக் கதவை அடைக்கும் உரிமை ஊழியருக்கும் இல்லை. சாந்தா மரியாவில் தீ பரவத் தொடங்கியபோது, பணம் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்து முதலில் காவலர்கள் வழிமறித்ததாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள்.

அப்புறம், இரவு மூன்று மணிக்கு ரிவ்யூ எழுதாதீர்கள். அந்த நேரத்துக் கோபத்தில் "திருடர்கள்", "ரவுடிகள்" என்று ஊழியரின் பெயரையும் படத்தையும் போட்டால், அவதூறு என்று உங்கள் மேலேயே வழக்கு திரும்பலாம். எழுதுவதில் தவறில்லை. நடந்ததை, நேரத்தோடு, ஒரு இரவு தூங்கிய பிறகு எழுதுங்கள்.

காத்திருந்தது

இது நான் செய்த தவறு. ஒரு கிளப்பில் என் நண்பனைக் கழுத்தைப் பிடித்துப் படிக்கட்டு வழியாக இழுத்துப் போனார்கள். அவன் செய்ததெல்லாம், வேறு யாரோ உடைத்த கிளாஸுக்குப் பக்கத்தில் நின்றதுதான். அவன் மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டோம். ஏழு வாரம் கழித்துப் புகார் எழுதினோம். மரியாதையான பதில் ஒன்று வந்தது: கேமரா பதிவுகள் அழிந்துவிட்டன, ஊழியர்களுக்கு அப்படி ஒரு சம்பவம் நினைவில்லை. படிக்கட்டுக்கு நேர் மேலே கேமரா இருந்தது. முதல் வாரத்தில் கேட்டிருந்தால் அந்தக் காட்சி இருந்திருக்கும்.

சிசிடிவி பதிவுகளின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். பல இடங்களில் சில வாரங்கள்தான் பழையது நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும், நாம் இருக்கும் காட்சியின் நகலைக் கேட்க ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது. பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் நகல் நம் கைக்கு வராமல் போகலாம், ஆனால் அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத எங்கேயும் தடையில்லை. பிறகு போலீஸோ நீதிமன்றமோ கேட்கும்போது "அழிந்துவிட்டது" என்று சுலபமாகச் சொல்ல முடியாது. முழுப் புகாரை ஆற அமர எழுதலாம். மறுநாள் காலையில் அனுப்ப வேண்டிய மின்னஞ்சலுக்கு இவ்வளவு போதும்:

"நேற்றிரவு 12.40 முதல் 1.10 வரை உங்கள் கிளப்பின் படிக்கட்டிலும் முன்வாசலிலும் நடந்த சம்பவம் குறித்துப் புகார் தர இருக்கிறேன். நான் நீலச் சட்டை, கறுப்பு பேன்ட் அணிந்திருந்தேன். அந்த இரண்டு இடங்களின் கேமரா பதிவையும், அன்றைய சம்பவப் பதிவேட்டையும் அழிக்காமல் வைக்கவும். இந்த மின்னஞ்சல் கிடைத்ததை உறுதிசெய்து பதில் அனுப்பவும்."