ஐஸ் உருகும்போது தெர்மாமீட்டர் ஏன் நகராமல் நிற்கிறது? வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

தக்கலைப் பக்கம் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். திட, திரவ, வாயு நிலைகளில் துகள்கள் எப்படி இருக்கும் என்று கேட்டால் பிள்ளைகள் தயங்காமல் ஒப்பித்துவிடுவார்கள். ஐஸ் தண்ணீராகிற அந்த நேரத்தில் துகளுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் பதில் வராது. அதைக் கண்ணால் காட்டுவதற்கான சோதனை இது. முதல் தடவை எனக்கு வரவில்லை. எங்கே பிசகியது என்பதையும் எழுதுகிறேன்.

வேண்டியவை: அரைக் கிலோ ஐஸ், சின்னப் பாத்திரம், கிண்ட ஒரு சிரட்டை அகப்பை, கடிகாரம், கிராஃப் தாள், தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உதவாது. அது 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும், கொதிநீரில் வைத்தால் உடைந்துவிடும். மைனஸ் 10 முதல் 110 வரை அளவுள்ள, சிவப்புத் திரவம் அடைத்த ஆய்வகத் தெர்மாமீட்டர் வாங்குங்கள். பாதரசம் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். டிஜிட்டலும் வேலை செய்யும். ஆனால் சிவப்புக் கோடு அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது ஒரு பிள்ளைக்கு வருகிற ஆச்சரியம் எண்ணைப் பார்த்தால் வருவதில்லை.

அடுப்பு கேஸ்தான் நல்லது. இண்டக்‌ஷனைக் குறைத்து வைத்தால் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் சூடாக்கும், கிராஃப் கோணிப்போகும். ஆடிக்காற்று நேரமென்றால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். தீ கடைசிவரை ஒரே அளவில் எரிய வேண்டும்.

முதல் படி, ஐஸைத் துணியில் கட்டி நன்றாக நொறுக்குங்கள். பாத்திரத்தில் போட்டு, கொஞ்சம் நீர் கசியும்வரை காத்திருந்து, சிம்மில் வையுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அளவைக் குறியுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். அன்றைக்கு ஐஸை நொறுக்காமல் பெரிய கட்டிகளாகப் போட்டேன். தெர்மாமீட்டரைப் பாத்திரத்தின் அடியில் ஊன்றி வைத்தேன். கிண்டவும் இல்லை. 0 டிகிரியில் நிற்க வேண்டிய கோடு 4, 7, 12 என்று ஏறிக்கொண்டே போனது. மேலே ஐஸ் அப்படியே மிதக்கிறது. "சார், புஸ்தகத்துல தப்பா போட்டிருக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். புத்தகம் சரிதான். ஐஸ் மேலே மிதந்தது, அடியில் இருந்த தண்ணீர் தனியாகச் சூடேறியது, நான் அளந்தது அந்தத் தண்ணீரை. போதாததற்குத் தெர்மாமீட்டரின் குமிழ் சூடான உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் மூன்று விஷயம் கட்டாயம்: ஐஸ் நொறுங்கியிருக்க வேண்டும், கை ஓயாமல் கிண்ட வேண்டும், தெர்மாமீட்டரை நூலில் கட்டி நடுவே தொங்கவிட வேண்டும்.

இப்படிச் செய்தால் ஐஸ் கரைந்து தீரும்வரை கோடு 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுப்போ எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது? ஐஸில் தண்ணீர்த் துகள்கள் ஒன்றையொன்று பிடித்தபடி அடுக்காக நிற்கின்றன. நின்ற இடத்திலேயே அதிரும், இடம் மாறாது. உருகும்போது வருகிற வெப்பம் துகளின் வேகத்தைக் கூட்டுவதில்லை, பிடியைத் தளர்த்துவதில் செலவாகிறது. தெர்மாமீட்டர் காட்டுவது வேகத்தை மட்டும்தான், அதனால் கோடு அசைவதில்லை. ஜோசப் பிளாக் 1760களில் இதைக் கவனித்து, மறைந்து நிற்கிற இந்த வெப்பத்தை அளந்தார். பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று இருப்பது இதுதான்.

ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 334 ஜூல் வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை 0-விலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற சுமார் 418 ஜூல். அப்படியென்றால் உருக 8 நிமிடம் ஆனால், கொதிநிலைக்கு வர 10 நிமிடம் ஆக வேண்டும். எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனது. சூடேறிய தண்ணீர் காற்றுக்கும் வெப்பத்தை விடும் அல்லவா.

100 டிகிரி வந்ததும் கோடு மறுபடி நிற்கும். முழுக்க வற்ற விடாதீர்கள், ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். உருகும்போது பிடி தளர்ந்ததே தவிரத் துகள்கள் ஒட்டித்தான் இருந்தன. இப்போது முழுவதுமாகப் பிரிய வேண்டும், அதற்குக் கிராமுக்கு 2260 ஜூல் வரை ஆகும். கொதிக்கும்போது எழும் குமிழிகளுக்குள் இருப்பதும் நீராவிதான், காற்று இல்லை.

புட்டுக்குடத்தில் நீங்கள் தினமும் பார்ப்பதும் இதே கணக்குதான். ஆவி வருகிற துளைக்கு மேல் கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியாது, அதுதான் நீராவி. அதற்கு மேலே வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து திரும்பிய நீர்த்துளிகள். மாவில் பட்டு நீராவி தண்ணீராகும்போது அந்த 2260 ஜூலையும் விட்டுவிடுகிறது, புட்டு வேகிறது. கையில் பட்டாலும் அதே வெப்பம்தான், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

திடப்பொருள் எல்லாம் மிதக்கும் என்று மட்டும் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஐஸ் மிதப்பது அதன் அடுக்கில் இடைவெளி அதிகம் என்பதால். ஃப்ரிட்ஜில் உறைந்த தேங்காயெண்ணெய்த் துண்டை உருகிய எண்ணெயில் போட்டுக் காட்டுங்கள், மூழ்கும்.

பின்சேர்க்கை: குளச்சலிலிருந்து ஓர் அண்ணன் கருத்தில் எழுதியிருந்தார், அவருக்குக் கோடு மைனஸ் 1-ல் நின்றதாம். விசாரித்தால் மீன் பெட்டியில் இருந்த ஐஸ், கடல்தண்ணீர் கலந்தது. உப்புத் துகள்கள் நடுவில் நிற்பதால் தண்ணீர்த் துகள்கள் மறுபடி அடுக்கில் போய்ச் சேருவது குறையும், உறைநிலை இறங்கும். கடல்நீர் உறைவதே மைனஸ் 2-ஐ ஒட்டித்தான். முதலில் நல்ல தண்ணீர் ஐஸில் செய்யுங்கள். அப்புறம் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கிண்டி, கோடு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.